வைத்தியசாலை விடுதிக்கு வரும் புதிய தொழில்நுட்பம்: சுகாதார ஊழியரின் விழுமியங்களோடு சேர்த்து நடைமுறைப்படுத்துவது எப்படி

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வைத்தியசாலைகளுக்கு அண்மைய ஆண்டுகளில் வந்து சேர்ந்த கருவிகள் பல. வெளிநோயாளர் பிரிவில் பதிவுக் கணினி, விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி, இரசம் இல்லாத பிரஷர் கருவி, சில இடங்களில் குடும்ப நல உத்தியோகத்தரின் கையில் டெப், எல்லோருடைய கைபேசியிலும் வட்ஸ்அப். இவற்றுள் சில வந்த மாதத்திலேயே ஊழியரின் கைக்குப் பழகிவிட்டன. சில இன்னும் அலுமாரிக்குள்ளேயே கிடக்கின்றன. இதற்குப் பயிற்சிக் குறைவு, வயது, சோம்பல் என்று காரணம் சொல்வது நிர்வாகத்தின் வழக்கம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு தாதிய உத்தியோகத்தரோ மருந்தாளரோ புதிய கருவியை ஒதுக்கிவைக்கும்போது, பெரும்பாலும் அவர் தமது தொழிலில் தாம் மதிக்கும் ஏதோ ஒன்றைக் காப்பாற்ற முயல்கிறார். அது என்னவென்று முதலில் கண்டறிந்து, அதற்கேற்ப வேலை ஒழுங்கை அமைத்த பின்னரே கருவியைக் கொண்டுவர வேண்டும். பொறுப்புத் தாதியர், சுகாதார வைத்திய அதிகாரிகள், வைத்தியசாலைகளின் திட்டமிடல் பிரிவினர் ஆகியோருக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பது பற்றிப் பேசுவோர் பலரும் அமெரிக்க ஆய்வாளர் பிரெட் டேவிஸ் 1989 இல் முன்வைத்த மாதிரியிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒரு கருவி பயனுள்ளது, எளிதானது என்ற இரண்டு எண்ணங்களும் இருந்தால் மனிதர் அதை ஏற்பார் என்பது அதன் சாரம். ஆனால் அந்த ஆய்வு அலுவலகக் கணினிப் பயனர்களையும் மாணவர்களையும் வைத்துச் செய்யப்பட்டது. அதே மாதிரியை ஹொங்கொங்கின் பொது வைத்தியசாலை வைத்தியர்களிடம், தொலைமருத்துவம் தொடர்பாகச் சோதித்து 1999 இல் வெளியிட்ட ஆய்வில், பயன் என்ற எண்ணம் அவர்களது விருப்பத்தைத் தீர்மானித்தது. எளிமை என்ற எண்ணம் குறிப்பிடத்தக்க அளவில் தீர்மானிக்கவில்லை. “பொத்தானை அமத்தினால் போதும், மிகவும் இலகு” என்று இரண்டு நாள் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லியும் நமது விடுதிகளில் வேலை நடக்காததற்கு இது ஓரளவு விளக்கம் தருகிறது. சுகாதார ஊழியர் கேட்பது வேறு கேள்வி: இதை நான் பாவித்தால் என் நோயாளிக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்ய முடியுமா?

முறைப்பாட்டுக்குள் இருக்கும் விழுமியத்தைக் கண்டறிதல்

கருவியை வாங்குவதற்கு முன்னரே, அது பயன்படப்போகும் விடுதியில் ஒரு காலைக் கடமையையும் ஓர் இரவுக் கடமையையும் முழுமையாகக் கூடவிருந்து பாருங்கள். வினாக்கொத்துக் கொடுக்க வேண்டாம். மேலிடத்திலிருந்து வரும் வினாக்கொத்துக்கு ஊழியர் மேலிடம் விரும்பும் விடையையே எழுதுவார்கள். கடமை ஒப்படைப்பின்போது என்ன பேசப்படுகிறது, எந்தக் கொப்பியை எல்லோரும் தேடுகிறார்கள், எந்தத் தாள் கட்டிலின் காலடியிலேயே தொங்குகிறது என்பதைக் கவனியுங்கள். பின்னர், தேநீர் நேரத்தில், இந்தக் கருவி வந்தால் நீங்கள் எதை விட வேண்டி வரும் என்று மட்டும் கேளுங்கள்.

வரும் விடைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அவற்றின் அடியில் இருப்பதைப் பார்க்க வேண்டும். “நேரமில்லை” என்பவர் பெரும்பாலும் நோயாளியின் பக்கத்தில் நிற்கும் நேரத்தை இழக்க அஞ்சுகிறார். “மெசின் சொல்வதை நம்ப ஏலாது” என்பவர் தமது மருத்துவத் தீர்ப்பைக் கைவிட விரும்பாதவர். “யார் யாரெல்லாம் பார்ப்பார்களோ” என்பது இரகசியம் காக்கும் கடமையிலிருந்து எழுவது. “எங்கள் சனத்துக்கு இது சரிவராது” என்பதை நிர்வாகத்தினர் பிற்போக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது எழுத்தறிவு குறைந்த, ஆங்கிலம் தெரியாத, தூரத்து நோயாளி பின்தள்ளப்படக்கூடாது என்ற சமத்துவ உணர்வு. உண்மையிலேயே சோம்பலால் மறுப்பவரும் இருக்கிறார். ஆனால் அவர் பழைய கொப்பியையும் ஒழுங்காக எழுதியிருக்க மாட்டார் என்பதால், அவரை இனங்காண்பது கடினமில்லை.

நோயாளியின் பக்கத்தில் நிற்கும் நேரம்

இந்த விழுமியத்தைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதிக சேதம் நிகழ்வது இங்கேதான்.

டெங்கு விடுதியை எடுத்துக்கொள்வோம். குருதிக்குழாய்களிலிருந்து திரவம் கசியும் ஆபத்தான கட்டம் வழக்கமாக 24 முதல் 48 மணித்தியாலங்கள் நீடிக்கும். அந்தக் கட்டத்தில் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு, ஏற்றிய திரவம் ஆகியவற்றை மணிக்கு மணி தாதியர் அவதானிப்புத் தாளில் குறிக்கிறார்கள். மேல் அழுத்தத்தின் கோடும் கீழ் அழுத்தத்தின் கோடும் ஒன்றையொன்று நெருங்கி வருவது அந்தத் தாளில் கட்டிலின் காலடியில் நின்றே தெரியும். இரண்டு அழுத்தங்களுக்கும் இடையிலான வேறுபாடு 20 மில்லிமீற்றர் இரச அளவுக்குச் சுருங்கினால் அது அதிர்ச்சி நிலையின் அறிகுறி. இப்போது அதே அளவீடுகளைத் தாதியர் மேசையிலுள்ள கணினியில் பெட்டி பெட்டியாக நிரப்பச் சொன்னால் என்ன நடக்கும்? ஒவ்வொரு மணிக்கும் அவர் கட்டிலை விட்டு நகர வேண்டும். இலக்கங்கள் பதியப்படும், ஆனால் கோடுகள் நெருங்குவதைக் கட்டிலருகே யாரும் காண மாட்டார்கள். இதை எதிர்க்கும் தாதியைக் கணினிப் பயம் உள்ளவர் என்று எழுதிவைப்பது பெரும் அநீதி.

ஆகவே, மணிக்கு மணி பார்க்க வேண்டிய எந்த அவதானிப்புத் தாளையும் முதலில் கணினிக்கு மாற்றாதீர்கள். கட்டிலருகே கொண்டுசெல்லக்கூடிய திரையும், கோடாக வரைந்து காட்டும் வசதியும் கிடைக்கும்வரை அது தாளிலேயே இருக்கட்டும். அனுமதிப் பதிவு, ஆய்வுகூட முடிவு, வீடு செல்லும் நோயாளியின் சுருக்கம் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். இவை தாதியரைக் கட்டிலிலிருந்து பிரிப்பதில்லை. ஆய்வுகூடத்துக்கு ஆளனுப்பி முடிவு எடுத்துவரும் அலைச்சலைக் குறைப்பதால், நேரத்தைத் திருப்பியும் தருகின்றன.

இந்த ஒழுங்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பாடம் உண்டு. பிட்ஸ்பர்க் சிறுவர் வைத்தியசாலையில் மருந்துக் கட்டளைகளைக் கணினியில் எழுதும் முறை வந்தபோது, வேறிடங்களிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட சிறுவர்களின் மரண வீதம் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதத்துக்கு உயர்ந்ததாக 2005 இல் அங்குள்ள மருத்துவர்களே எழுதினார்கள். முன்பு பிள்ளை வழியில் வந்துகொண்டிருக்கும்போதே கட்டளைகளை ஆயத்தப்படுத்தினார்கள். புதிய முறையில், பிள்ளை வந்து பதிவு முடியும்வரை எதையும் எழுத இயலவில்லை. விடுதியிலேயே இருந்த மருந்துகள் மத்திய மருந்தகத்துக்கு மாற்றப்பட்டன. தாதியரும் வைத்தியரும் கணினியோடு நின்றார்கள். அதே மென்பொருளைச் சியாட்டில் நகரத்துச் சிறுவர் வைத்தியசாலையும் நிறுவியது. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் மரண வீதம் உயரவில்லை என்று அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது. ஒரே மென்பொருள்தான், அதைச் சுற்றி அமைந்த வேலை ஒழுங்கு வேறு.

வாழைச்சேனையிலிருந்தோ களுவாஞ்சிக்குடியிலிருந்தோ அம்புலன்சில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஒரு நோயாளி புறப்படும்போது நம் நிலைமையும் அதேதான். பதிவு எண் கிடைக்கும் முன்னரே அவசர மருந்தையும் குருதியையும் கேட்டுப் பெறுவதற்கு ஒரு வழி மென்பொருளில் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால், அவசர நோயாளிக்குத் தாளில் எழுதிப் பின்னர் பதியலாம் என்பதை எழுத்துமூல உத்தரவாக ஊழியரின் கையில் கொடுங்கள். வாய்மொழி அனுமதி போதாது. நாளை விசாரணை என்று வந்தால் அந்தத் தாதி தனியாக நிற்க நேரிடும்.

தொழிற்தீர்ப்பைக் கருவிக்குக் கீழே வைக்காமை

புதிய அளவைக் கருவியைக் கற்பிக்கும்போது, அது எப்போது பிழைக்கும் என்பதை முதல் பாடமாக வையுங்கள். தனது குறையைச் சொல்லிக்கொண்டு வரும் கருவியை அனுபவமுள்ள ஊழியர் விரைவாக ஏற்பதை நான் கண்டிருக்கிறேன்.

விரல் ஒட்சிசன் மானி இதற்கு நல்ல உதாரணம். 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மானி 92 முதல் 96 சதவீதம் காட்டிய வேளைகளில் நாடிக்குருதியின் உண்மையான செறிவு 88 சதவீதத்துக்கும் கீழே இருந்தமை கறுப்பின நோயாளரிடம் 11.7 சதவீத அளவீடுகளிலும், வெள்ளையின நோயாளரிடம் 3.6 சதவீத அளவீடுகளிலும் காணப்பட்டது. தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. வயலிலும் வாவியிலும் வெயிலில் உழைக்கும் நமது மக்களின் தோலை நினைத்துப் பார்த்தால், இது நமக்குத் தொலைவான செய்தியாகாது. மூச்சுவிடச் சிரமப்படும் ஒருவருக்கு மானி 94 காட்டுகிறது என்பதற்காக, சுவாச வீதத்தை எண்ணாமல் விடக்கூடாது. குளிர்ந்த விரல், நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி ஆகியவையும் அளவீட்டைக் குழப்பலாம். திரையிலுள்ள அலை ஒழுங்காக வராவிட்டால் வேறு விரலில் மாட்டிப் பார்க்க வேண்டும்.

பிரஷர் கருவியிலும் இதே பாடம் உண்டு. இரசத்தைக் கைவிடும் மினமாட்டா உடன்படிக்கை 2017 இல் நடைமுறைக்கு வந்தது. இரசம் கொண்ட வெப்பமானிகளினதும் இரத்த அழுத்தமானிகளினதும் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதிக்கு 2020 ஐ அது எல்லையாக வைத்தது. ஆகவே மாற்றம் தவிர்க்க இயலாதது. ஆனால் தானியங்கிக் கருவி ஒழுங்கற்ற இதயத்துடிப்பில் பிழைக்கும் என்பதையும், கைப்பட்டி கையின் சுற்றளவுக்குப் பொருந்தாவிட்டால் அளவு கூடியோ குறைந்தோ வரும் என்பதையும் சொல்லாமல், பழைய கருவியை மட்டும் எடுத்துச் செல்வது ஊழியரின் கண்ணைக் கட்டுவதாகும். ஒவ்வொரு விடுதியிலும் காதால் கேட்டு அளக்கும் ஒரு கருவியை வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் கையால் அளக்கும் உரிமை தாதிக்கு உண்டு, அந்த அளவே நோயாளியின் சிகிச்சைப் பதிவேடான பி.எச்.ரி. யில் எழுதப்படும் என்று விதியாக்குங்கள்.

எக்ஸ்ரே படத்தை வாசிக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் இதையே பின்பற்றலாம். 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோயைத் தேட இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என உலக சுகாதார நிறுவனம் 2021 இல் பரிந்துரைத்தது. அது ஆட்களைச் சலித்தெடுக்கும் வேலைக்கான பரிந்துரை. நோய் இதுதான் என்று முடிவு கட்டுவதற்குச் சளிப் பரிசோதனையும் வைத்தியரும் தேவை.

இரகசியம்: வட்ஸ்அப், கடவுச்சொல், வீட்டுத் திண்ணை

நமது வைத்தியசாலைகளில் எந்த உத்தரவும் இன்றி, எந்தப் பயிற்சியும் இன்றி முழுமையாக ஏற்கப்பட்ட தொழில்நுட்பம் வட்ஸ்அப் ஆகும். பாம்பு கடித்தவர் கொண்டுவந்த பாம்பின் படம், எக்ஸ்ரே, இதயத்துடிப்பு வரைபடம் எல்லாம் அதன் வழியே விசேட வைத்திய நிபுணருக்குச் சென்று உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. அதைத் தடைசெய்யும் சுற்றறிக்கை எழுதுவதில் பயனில்லை. ஒழுங்குபடுத்த வேண்டும். படத்தில் முகமும் பெயரும் படுக்கை இலக்கமும் தெரியக்கூடாது. குழுவுக்கு அனுப்பாமல் உரிய வைத்தியருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். படங்கள் தாமாகவே கைபேசியின் படத்தொகுப்பில் சேமிக்கப்படும் வசதியை நிறுத்திவைக்க வேண்டும். கிடைத்த ஆலோசனையைப் பி.எச்.ரி. யில் எழுதிய பின் படத்தை அழிக்க வேண்டும். மாற்றலாகிப் போனவர்களைக் குழுவிலிருந்து மாதந்தோறும் நீக்குவது ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகைத் தரவாகக் கருதுகிறது. ஆயினும் ஊழியரிடம் இதைச் சட்டமாகச் சொல்வதைவிட, அவர்கள் ஏற்கெனவே மதிக்கும் கடமையாகச் சொல்வதே பலன் தரும். காத்தான்குடியிலோ காரைதீவிலோ நாவற்குடாவிலோ ஒருவரின் நோய் வெளியே தெரிந்தால், அது ஊர் முழுவதும் தெரிய அதிக நேரம் எடுக்காது; ஒரு குமருடைய கலியாணமே அதனால் நின்றுபோகலாம். இதை நம் ஊழியருக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

கடவுச்சொல்லை எல்லோரும் பகிர்வது பற்றி முறைப்பாடு வந்தால், ஊழியரைத் தண்டிக்கும் முன் உள்நுழைய எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பாருங்கள். அவசர நோயாளி காத்திருக்கும்போது மூன்று நிமிடம் எடுக்கும் கணினியில் ஒருவர் திறந்துவைத்ததை மற்றவர் பாவிப்பார். அங்கே மாற வேண்டியது கணினி.

குடும்ப நல உத்தியோகத்தரின் நிலைமை இன்னும் நுணுக்கமானது. அவர் ஒரு வீட்டின் திண்ணையில் அமர்ந்து, கர்ப்பிணியின் எச் 512 என்ற கர்ப்பகாலப் பதிவு அட்டையைப் பார்த்தபடி பேசுகையில் மாமியாரும் அயலவரும் சூழ இருப்பார்கள். கொப்பியை மார்போடு அணைத்துச் சாய்த்து எழுதலாம். ஒளிரும் டெப் திரையை எல்லோரும் வாசிக்கலாம். முந்திய கருக்கலைவு, குடும்பத் திட்டமிடல் முறை போன்ற பகுதிகள் முதல் திரையில் வரக்கூடாது என்று வடிவமைப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அந்த மாற்றம் கிடைக்கும்வரை, அப்பகுதிகளை அவர் சிறு குறிப்பாக எழுதி அலுவலகத்தில் வந்து பதியட்டும். கிளினிக் திகதியைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதிலும் கவனம் தேவை. பெண்ணின் பெயரில் கொடுக்கப்பட்ட இலக்கம் பல வீடுகளில் கணவருடையது; சில வேளை அவர் கட்டாரில் இருப்பார். செய்தியில் நாளும் நேரமும் மட்டும் இருக்கட்டும், காரணம் வேண்டாம்.

பெயரும் மொழியும்

ஆங்கிலத்தில் பெயரைப் பதியும் கணினி நம் பகுதியில் ஒருவரையே மூவராக்கிவிடும். ஒரே பாத்திமா, ஒரே முகம்மது, ஒரே யோகேஸ்வரி வெவ்வேறு நாளில் வெவ்வேறு எழுத்துகளில் பதியப்பட, மருந்து ஒவ்வாமை பற்றிய குறிப்பு பழைய பதிவிலேயே தங்கிவிடுகிறது. புதிய பதிவைத் திறக்கும் முன் அடையாள அட்டை இலக்கத்தாலும் பிறந்த திகதியாலும் தேடுவதைக் கட்டாயமாக்குங்கள். 2016 முதல் 12 இலக்கங்களுடன் புதிய அட்டை வருகிறது. அதற்கு முன்னர் எடுத்தவர்களிடம் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டையே இருக்கும். இரண்டாலும் தேடக் கூடியதாக இருக்க வேண்டும். அட்டையிலுள்ளபடியே பெயரை எழுதுவதும், நோயாளி பொலித்தீன் பையில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவரும் கிளினிக் கொப்பியில் பதிவு எண்ணைப் பெரிதாக எழுதிக் கொடுப்பதும் பிழைகளைப் பெருமளவு குறைக்கும். கொப்பியை நிறுத்திவிடாதீர்கள். கல்முனையில் மருந்தெடுக்கும் ஒருவர் அம்பாறைப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பப்படும்போது இரு கணினிகளும் பேசிக்கொள்ளும் என்ற உத்தரவாதம் இல்லை. கொப்பி அவருடனேயே செல்லும். மருந்தை எப்படி எடுப்பது என்ற அச்சிட்ட சீட்டு தமிழிலும், தேவையானவர்களுக்குச் சிங்களத்திலும் வர வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை ஒரு மருந்தாளர் வாசித்துப் பார்க்காமல் அச்சிடவே கூடாது.

தொடங்குவதும், வேண்டுமானால் நிறுத்துவதும்

மாரி மழைக்குப் பிந்திய டெங்கு காலத்தில் எந்தப் புதிய முறையையும் தொடங்காதீர்கள். பெரும்போக அறுவடைக் காலத்தில் எலிக்காய்ச்சல் நோயாளரும் வரக்கூடும். அதையும் தவிர்ப்பது நல்லது. ஒரே ஒரு விடுதியில் தொடங்குங்கள். தாளிலும் கணினியிலும் இரண்டு முறை எழுதும் காலத்துக்கு முடிவுத் திகதியை முதல் நாளே அறிவியுங்கள். முடிவில்லாத இரட்டை எழுத்து நல்ல ஊழியரையும் வெறுக்கச் செய்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை மறந்துவிடக் கூடாது. அச்சிட்ட படிவங்கள் ஒரு பெட்டியில் எப்போதும் இருக்கட்டும், அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது இரவுக் கடமையிலிருப்பவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

முன்னோடியாகக் கணினி நன்கு தெரிந்த இளையவரை மட்டும் தெரிவு செய்வது எல்லோரும் செய்யும் தெரிவு. விடுதியில் எல்லோரும் மதிக்கும், ஆனால் இந்தக் கருவியில் நம்பிக்கை இல்லாத மூத்த தாதி ஒருவரை அவரோடு சேர்த்துவிடுங்கள். அந்த மூத்த தாதி சொல்லும் குறைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப்பட்டது என்பதை அறிவித்தல் பலகையில் போடுங்கள். 2020 இன் தொடக்கத்தில், சுகாதாரத் தகவல்களைத் திரட்டும் டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்த மென்பொருளில் இலங்கை உருவாக்கிய கொவிட் கண்காணிப்பு முறையைப் பின்னர் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. சுகாதாரத் தகவலியல் பயின்ற நம் நாட்டு வைத்தியர்கள் அந்தப் பணியில் இருந்தார்கள். களத்தை அறிந்தவர் கை வைக்கும்போது கருவி எப்படி அமைகிறது என்பதற்கு, வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

மூன்று மாதத்துக்குப் பின் அளக்கும்போது, எத்தனை பேர் உள்நுழைந்தார்கள் என்ற கணக்கோடு நின்றுவிடாதீர்கள். ஆய்வுகூட முடிவு கட்டிலுக்கு வர எடுக்கும் நேரம், மருந்துப் பிழைகள், இரட்டைப் பதிவுகள், தாதி கட்டிலருகே செலவிடும் நேரம் ஆகியவற்றை, கருவி வருவதற்கு முன் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். இவை மோசமாகியிருந்து, இரண்டு முறை திருத்தியும் சீராகவில்லையென்றால் அந்த விடுதியில் நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதாக முடிவெடுத்தால், காரணத்தை எழுத்தில் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கோ அமைச்சுக்கோ அனுப்பி, அதன் பிரதியை விடுதி ஊழியருக்கும் கொடுங்கள். அதுவரை கணினியில் சேர்ந்த தகவலை மீண்டும் தாளுக்கு மாற்றும் வேலையைத் தாதியரின் தலையில் கட்டாமல், அதற்கென ஒருவரை நியமியுங்கள்.